‘பாட்டிக்கு ஏன் என்னைத் தெரியவில்லை?’: ஒன்பது வயது மகளுக்கு நினைவாற்றலை எப்படி விளக்குவது?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு படிக்கிறாள். எங்களுடன் வசிக்கும் என் மாமியாருக்கு 76 வயது. அவருக்கு அல்சைமர் நோயின் தொடக்க நிலை என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் நரம்பியல் மருத்துவர் சொன்னார். சில மாதங்களாகப் பேத்தியைத் தன் தங்கையின் பெயர் சொல்லி அழைக்கிறார். ஆனால் மல்லிகைப்பூவை இன்றும் முன்போலவே வேகமாகக் கட்டுகிறார். சின்ன வயதில் ஊருக்குள் வெள்ளம் வந்த கதையை ஒன்று விடாமல் சொல்கிறார். ‘அதெல்லாம் ஞாபகம் இருக்கு, என்னை மட்டும் ஏம்மா மறந்துட்டாங்க?’ என்று மகள் அழுகிறாள். போன வாரம் சமூக அறிவியல் தேர்வில் படித்த விடை நினைவுக்கு வரவில்லை என்றதும், ‘எனக்கும் மெமரி ஃபுல் ஆயிடுச்சா? நானும் பாட்டி மாதிரி ஆயிடுவேனா?’ என்று பயந்துவிட்டாள். இத்தனைக்கும், ஒரு வயதில் தாய்மாமன் மடியில் உட்கார்த்தி காது குத்தியதே தனக்கு நினைவிருக்கிறது என்று உறுதியாகச் சொல்பவள் இவள். இவளுக்கு எப்படிப் புரியவைப்பது? ஞாபக சக்திக்கு வல்லாரை மாத்திரை கொடுக்கலாமா?
வாசகி, கும்பகோணம்

மருத்துவர் பதில்:

உங்கள் மகள் கேட்டிருப்பவை மிக நல்ல கேள்விகள். ‘பெரியவளானால் புரியும்’ என்று அவற்றைத் தள்ளிவைக்க வேண்டாம். ஒன்பது வயதுக் குழந்தைக்கு, நேராகவும் எளிமையாகவும் சொன்னால், மூளையைப் பற்றிய உண்மையைப் புரிந்துகொள்ளும் திறன் இருக்கிறது. நாம் சொல்லாமல் விட்டால் அந்த இடத்தைத் தன் பயத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்ளும் வயதும் அதுதான். எனவே இன்றைக்கே அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: பாட்டியின் மறதியும் அவளுடைய மறதியும் வெவ்வேறு. பாட்டிக்கு இருப்பது மூளையின் அணுக்களைச் சிதைக்கும் நோய். அவளுக்கு நேர்ந்தது, நலமாக இருக்கும் ஒவ்வொருவருடைய மூளையும் தினமும் செய்யும் வேலை. அல்சைமர் குழந்தைகளுக்கு வரும் நோய் அல்ல. தொட்டாலோ கூட இருந்தாலோ ஒட்டிக்கொள்வதும் அல்ல. முதுமையில் வரும் அல்சைமர் பெரும்பாலும் பாட்டியிடமிருந்து பேத்திக்கு நேரடியாக இறங்குவதில்லை. இந்த மூன்றையும் அவள் உங்கள் வாயால் தெளிவாகக் கேட்க வேண்டும்.

அடுத்து, ‘மெமரி ஃபுல்’ என்ற அவளுடைய சந்தேகம். மூளைக்குள் போனில் இருப்பதைப் போல ஒரு சேமிப்பு அட்டை இருப்பதாக அவள் நினைக்கிறாள். பெரியவர்களான நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்ற அணுக்களோடு தொடர்பு கொண்டிருக்கிறது. நாம் ஒன்றைக் கற்கும்போது குறிப்பிட்ட சில தொடர்புகள் வலுப்பெறுகின்றன. அதைத் திரும்பத் திரும்ப நினைக்கும்போது மேலும் வலுவாகின்றன. நினைக்காமலே விட்டால் மெல்லத் தளர்கின்றன. ஏப்ளிசியா என்னும் கடல் நத்தையை வைத்து இந்த மாற்றங்களை ஆராய்ந்த எரிக் கேண்டல் 2000-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே நினைவு என்பது ஓரிடத்தில் அடுக்கிவைத்த பொருள் அல்ல. அணுக்களுக்கு இடையே உள்ள தொடர்புகளின் வலிமை. அது நிரம்பி வழிவதற்கில்லை என்று நீங்கள் அவளுக்குத் தைரியமாகச் சொல்லலாம். ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துவைக்கக்கூடியவைதாம் மிகக் குறைவு. பெரியவர்களுக்கே சுமார் நான்கு விஷயங்கள்தான், குழந்தைகளுக்கு அதைவிடவும் குறைவு. ‘குளித்துவிட்டு, பையை எடுத்துவைத்து, தண்ணீர் பாட்டிலை நிரப்பி, ஜன்னலைச் சாத்திவிட்டு வா’ என்று ஒரே மூச்சில் சொன்னால் ஜன்னல் விட்டுப்போவது அதனால்தான். அதை மறதி என்று கண்டிப்பது நியாயமில்லை.

இனி அவளை அழவைக்கும் கேள்விக்கு வருவோம். வெள்ளம் நினைவிருக்கிறது, பூக்கட்டும் கை மறக்கவில்லை, பேத்தி மட்டும் ஏன் மறந்துபோனாள்? இதற்கு விடை, நினைவு ஒன்றல்ல, பல என்பதில் இருக்கிறது. மருத்துவ உலகம் இதைத் தெளிவாகக் கற்றுக்கொண்டது ஒரு மனிதரிடமிருந்து. அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பு நோய் இருந்தது. 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில், வலிப்பைக் கட்டுப்படுத்துவதற்காக மூளையின் இரு பக்கங்களிலும் நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக ஆழத்தில் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பகுதியையும் அதைச் சூழ்ந்த திசுக்களையும் அறுவை சிகிச்சையில் அகற்றினார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அன்று முதல் 2008-இல் இறக்கும்வரை, அவரால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் நிறுத்த இயலவில்லை. சற்று முன் பேசிக்கொண்டிருந்தவர் வெளியே போய்த் திரும்பி வந்தால், முதல் முறை பார்ப்பவரைப் போல வரவேற்பார். ஆனால் அவருடைய சிறுவயது நினைவுகள் அழியவில்லை. அறிவுத்திறனும் பேச்சும் நன்றாகவே இருந்தன.

அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் வைத்த ஒரு சோதனையை உங்கள் மகளும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தாளில் இரட்டைக் கோட்டால் நட்சத்திரம் ஒன்றை வரையுங்கள். தாளையும் கையையும் நேராகப் பார்க்க முடியாதபடி ஓர் அட்டையால் மறைத்துவிட்டு, எதிரே நிறுத்திய கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி, இரண்டு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்டச் சொல்லுங்கள். முதல் முறை மூலை திரும்பும் இடத்தில் கை எதிர்ப்பக்கம் இழுக்கும், கோடு நடுங்கும், அவளுக்குச் சிரிப்பு வரும், பிறகு கோபம் வரும். பத்து முறை செய்தால் கை பழகிவிடும். மொலைசனும் மூன்று நாட்களில் இதை நன்றாகவே பழகிக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு நாளும், இதற்கு முன் இதைச் செய்ததே இல்லை என்றுதான் சொன்னார். அவர் மறந்துவிட்டார், அவருடைய கை மறக்கவில்லை. நீந்துவது, மிதிவண்டி ஓட்டுவது, பூக்கட்டுவது போன்ற கைப்பழக்கங்களை மூளையின் வேறு பகுதிகள் பார்த்துக்கொள்கின்றன என்பதே காரணம்.

அல்சைமர் நோய் பெரும்பாலும் தன் அழிவைத் தொடங்கும் இடம் அந்த ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய பகுதியும்தான். நார் பிடித்து முடிச்சுப் போடும் கைப்பழக்கத்தின் பகுதிகளை நோய் இன்னும் அவ்வளவாகத் தொடவில்லை. வெள்ளத்தின் கதையோ அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலமுறை சொல்லப்பட்டு, மூளையின் மேற்பரப்பெங்கும் பரவி வேரூன்றிவிட்டது. ஆனால் பேத்தி புதியவள். அதுமட்டுமல்லாமல், மாறிக்கொண்டே இருப்பவள். நான்கு வயதில் இருந்த முகம் ஒன்பது வயதில் இல்லை. வளரும் குழந்தையை அடையாளம் காண வேண்டுமானால் அவளைப் பற்றிய நினைவை நம் மூளை தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். பாட்டியால் இப்போது இயலாதது துல்லியமாக அந்த வேலைதான். எனவே எதிரில் ஒரு சிறுமி வந்து நிற்கும்போது, அவருடைய மூளை தன்னிடம் மீதமிருக்கும் பழைய நினைவுகளில் தேடி, மிகவும் பிரியமான ஒரு சிறுமியின் பெயரை எடுத்துத் தருகிறது. தங்கையின் பெயரால் பாட்டி அழைப்பதை உங்கள் மகள் புறக்கணிப்பாக எடுத்துக்கொள்கிறாள். பாட்டிக்கு மிக நெருக்கமானவர்களின் வரிசையில்தான் தான் இன்னும் இருக்கிறோம் என்று அவளுக்குச் சொல்லுங்கள். ஆறுதலுக்காகப் புனைந்து சொல்வதல்ல இது. அந்தப் பெயர்க் குழப்பத்தின் இயல்பே அதுதான்.

இன்னும் ஒன்றை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். சில நிமிடங்களில் அவர்களில் பெரும்பாலோர்க்குப் பார்த்தது மறந்துவிட்டது. ஆனால் அந்தக் காட்சி எழுப்பிய உணர்வு, காரணம் மறந்த பிறகும், அரை மணி நேரம்வரை நீடித்தது. பள்ளி விட்டு வந்ததும் உங்கள் மகள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசினால், அவள் வந்து போனது பாட்டிக்கு மறந்துபோகலாம். ஆனால் அது மறந்த பிறகும் அந்தச் சந்தோஷம் சிறிது நேரம் அவரிடம் இருக்கும். ஆகவே ‘நான் யாருன்னு சொல்லுங்க பாட்டி’ என்று சோதிப்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்திவிடுங்கள். அது அந்த முதியவரைக் கூனிக்குறுக வைக்கும். அதற்குப் பதிலாக, ‘பாட்டி, நான் உங்க பேத்தி வந்திருக்கேன்’ என்று அவளே தன் பெயரோடு சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்காரட்டும். தங்கை பெயரால் அழைத்தால் திருத்த வேண்டியதில்லை. பூக்கட்டக் கற்றுத்தரச் சொல்லிக் கேட்கட்டும். நோய் இன்னும் விட்டுவைத்திருக்கும் நினைவைப் பேத்தி பெற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

காது குத்திய நினைவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலோரின் முதல் நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்தது. ஒரு வயதில் நடந்தது அப்படியே தங்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆல்பத்தில் இருக்கும் படங்களும், ‘நீ போட்ட கூச்சல் தெரு முழுக்கக் கேட்டது’ என்று மாமா சொல்லிச் சிரித்த பேச்சும் சேர்ந்து அவளுக்குள் ஒரு காட்சியாகியிருக்கும். அவள் பொய் சொல்லவில்லை, கேலி செய்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை எஞ்சியிருக்கும் துணுக்குகளைக் கொண்டு நினைவைப் புதிதாகக் கட்டுகிறது. விடுபட்ட இடங்களைப் பிறர் சொன்னதும் தனக்குத் தெரிந்ததும் கொண்டு நிரப்புகிறது. இதையும் ஒரு விளையாட்டாகக் காட்டலாம். தலையணை, போர்வை, பாய், கொட்டாவி, கனவு, இரவு, தாலாட்டு, கட்டில், களைப்பு, குறட்டை என்று நிதானமாக வாசித்துவிட்டு, சிறிது நேரம் கழித்து, கேட்ட சொற்களை வீட்டில் உள்ளவர்கள் எழுதட்டும். ‘தூக்கம்’ என்றும் சிலர் எழுதியிருப்பார்கள். அதை நீங்கள் சொல்லவே இல்லை. இதில் குழந்தைகளைவிடப் பெரியவர்களே அதிகமாக ஏமாறுகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. சொற்களைப் பொருளால் கோத்துக்கொள்ளும் பழக்கம் வயதோடு வளர்வதே காரணம். அப்பா மாட்டிக்கொண்டு தான் தப்பித்தால், தன் மூளையைப் பற்றிய அவளுடைய பயம் பாதி குறைந்துவிடும்.

தேர்வில் விடை வராமல் போனதற்கு மாத்திரை தேவையில்லை. வல்லாரைக் கீரையைத் துவையலாகவோ கூட்டாகவோ சாப்பிடுவதில் தவறில்லை. மாத்திரைகளோ விளம்பரங்களில் வரும் சிரப்புகளோ நலமாக உள்ள குழந்தையின் நினைவாற்றலைக் கூட்டும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. பணத்தை அதில் செலவிட வேண்டாம் என்றே சொல்வேன். பயன் தருபவை இரண்டு. ஒன்று, படித்ததையே மறுபடி மறுபடி வாசிப்பதற்குப் பதிலாக, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்குச் சுமார் 40 சதவீதம்தான் நினைவிருந்தது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கோ 61 சதவீதம். இன்று படித்ததை நாளையும், பிறகு மூன்று நாள் கழித்தும், அடுத்த வாரமும் இப்படிச் சொல்லிப் பார்த்தால் போதும்.

மற்றொன்று தூக்கம். அன்றைக்குக் கற்றதை மூளை திரும்ப ஓட்டிப் பார்த்து நிலைப்படுத்துவது பெரும்பாலும் உறக்கத்தில்தான். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு பத்தரை மணிக்குப் படுக்கும் குழந்தையை விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிப் படிக்கவைப்பது, முந்தின நாள் படித்ததையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஒன்றிரண்டு விடைகள் மறப்பதற்காக மருத்துவரிடம் போக வேண்டியதில்லை. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தால், அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். வாயைத் திறந்துகொண்டு குறட்டைவிட்டுத் தூங்கினாலும், முகம் வெளுத்து எப்போதும் சோர்ந்திருந்தாலும், முன்பு நன்றாகத் தெரிந்ததே தெரியாமல் போய்க்கொண்டிருந்தாலும் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் மாமியாருக்குக் காது கேட்கும் திறனையும் கண்புரையையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். முகமும் குரலும் தெளிவாக எட்டாதபோது அடையாளக் குழப்பம் இன்னும் கூடும். வைட்டமின் பி12, தைராய்டு ஆகியவை நோய் கண்டறியப்பட்டபோது பார்க்கப்பட்டனவா என்று பழைய அறிக்கைகளில் பாருங்கள். இல்லையென்றால் இப்போது பார்த்துக்கொள்ளலாம். அல்சைமர் மாதக்கணக்கில் மெல்ல நகரும் நோய். எனவே ஓரிரு நாட்களுக்குள் குழப்பம் திடீரென்று அதிகமானாலோ, பகலெல்லாம் மயக்கமாகக் கிடந்தாலோ, அதை நோயின் போக்கு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், சோடியம் குறைதல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, கீழே விழுந்து தலையில் பட்ட அடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கக்கூடும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.