33 டிகிரிக்கே ஏன் தலை சுற்றுகிறது? வெயில், மனம், எதிர்காலம் பற்றி வாசகர் கேள்விகள்

சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதி வெயிலைப் பற்றியவை, மீதி மனிதர்களைப் பற்றியவை. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பதில் சொல்கிறோம். வெயில் ஏறுவது மனிதர் செய்யும் காரியங்களால். அதைத் தாங்குவதும் மனிதர் பழக்கத்தைப் பொறுத்தது.

துவாஸிலிருந்து ஒரு கட்டுமான ஊழியர்: சிவகங்கைப் பக்கம் 40 டிகிரி வெயிலில் வேலை செய்து பழகியவன் நான். இங்கே 33 டிகிரிதான், ஆனால் மதியம் தலை சுற்றுகிறது. உடம்பில் ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் கோளாறு உடம்பில் இல்லை, காற்றில் இருக்கிறது. வியர்வை சொட்டிக் கீழே விழுந்தால் உடம்பு குளிராது. தோலின் மேலேயே ஆவியானால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் உடம்பைவிட்டுப் போகும். ஊரில் சித்திரை வெயிலில் காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும், சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு மட்டும் நிற்கும். இங்கே காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சட்டையைப் பிழியலாம். பிழியும் அந்தத் தண்ணீர் முழுக்க உடம்பு இழந்த நீர், ஆனால் அது உடம்பைக் குளிர்விக்கவில்லை.

அதனால்தான் வேலையிடத்தில் வெறும் வெப்பநிலையைப் பார்க்காமல் டபிள்யூபிஜிடி என்ற அளவைப் பார்க்கிறார்கள். கணக்கு எளிது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவதில் 20 விழுக்காடு, சாதாரண வெப்பமானி காட்டுவதில் 10 விழுக்காடு. மூன்றையும் கூட்ட வேண்டும். ஈரத்துணி 27, உருண்டை 45, காற்று 33 என்று வைத்துக்கொண்டால் 18.9 + 9 + 3.3 = 31.2. சிங்கப்பூர் வெப்ப அழுத்த அறிவுறுத்தலில் இது நடுத்தர நிலை. 31-க்குக் கீழே குறைவு, 33 தொட்டால் அதிகம். அதே நேரத்தில் நிழலுக்குப் போனால் உருண்டை 34-க்கு இறங்கும், மொத்தம் 29 ஆகிவிடும். காற்றின் வெப்பமும் ஈரமும் மாறவில்லை. வெயில் நேராக விழாததுதான் இந்த 2 டிகிரி. ஓய்வு நேரத்தில் லாரியின் திறந்த பின்பக்கத்தில் உட்காருவதும் நிழலில் உட்காருவதும் ஒன்றல்ல.

உங்களுக்கு உரிமையான சில அளவுகளைச் சொல்கிறோம், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடும் உடல் உழைப்பில் இருப்பவர்களுக்கு டபிள்யூபிஜிடி 32 ஆனால் மணிக்குக் குறைந்தது 10 நிமிடமும், 33 ஆனால் 15 நிமிடமும் ஓய்வு தர வேண்டும். 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு அறிவித்த ஏற்பாடு இது. தண்ணீர் மணிக்குக் குறைந்தது 300 மில்லிலிட்டர். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதேபோல் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளவும் கூடாது, ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும். நாள் முழுக்க வியர்க்கும் வேலை என்றால் இடையிடையே உப்பு சேர்ந்த பானமும், நேரத்துக்குச் சாப்பாடும் வேண்டும்.

பெரும்பாலோர் தவறவிடுவது விடுமுறைக்குப் பிந்தைய வாரத்தை. வெப்பத்துக்குப் பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும், இதயத் துடிப்பும் தணிந்திருக்கும். இந்தப் பழக்கம் வர ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். ஊருக்குப் போய்ச் சில வாரம் வீட்டிலிருந்துவிட்டு வந்தால் அது கரைந்துவிடும். திரும்பி வந்த முதல் நாளே பழைய வேகத்தில் கம்பி தூக்குபவர்தான் மயங்கி விழுகிறார். முதல் ஒரு வாரத்துக்கு வெயில் வேலையை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை.

கூட வேலை செய்பவர் குழறிப் பேசினாலோ, சம்பந்தமில்லாமல் கோபப்பட்டாலோ, தள்ளாடினாலோ அதை வெப்பத் தாக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள். "வியர்க்கிறதே, அப்புறம் என்ன" என்று விட்டுவிடக் கூடாது. உழைப்பால் வரும் வெப்பத் தாக்கில் வியர்வை நிற்காமலே உடல் வெப்பம் 40-ஐத் தாண்டும். 995-ஐ அழைத்துவிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா இருக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கி, பூட்ஸையும் மேலாடையையும் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி இருந்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதல் அரை மணி நேரத்தில் உடம்பு எவ்வளவு குளிர்கிறதோ அதைப் பொறுத்தே பிழைப்பு. ஓய்வெடுத்த பிறகும், வேலையில்லாத நாளிலும் தலை சுற்றினால் மருத்துவரைப் பாருங்கள். அது வெயில் கணக்கில் சேராது.

ஈசூன்: இரவு முழுக்க ஏர்கான் போடுகிறோம். "பக்கத்து வீடுகளைவிட உங்கள் பயனீடு குறைவு" என்று மின்கட்டண பில்லில் வருகிறது. அப்படியானால் பரவாயில்லைதானே?

அந்த ஒரு வரி மனத்தில் என்ன செய்யும் என்பதைக் கலிபோர்னியாவின் சான் மார்கோஸில் 290 வீடுகளில் சோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். சராசரியைவிட அதிகம் செலவழித்த வீடுகள் அதைக் கேட்டதும் குறைத்தன. குறைவாகச் செலவழித்தவை கூட்டிவிட்டன! "நமக்கு இன்னும் இடமிருக்கிறது" என்று மனம் எடுத்துக்கொண்டது. அந்தச் செய்தியோடு ஒரு சிரித்த முகமும் வரைந்து கொடுத்த வீடுகளில்தான் அந்த ஏற்றம் நின்றது. உங்கள் கேள்வியிலும் அதே சறுக்கல் தெரிகிறது. பக்கத்து வீட்டை விடுங்கள், போன ஆண்டு இதே மாத பில்லை எடுத்துப் பாருங்கள்.

இப்போது கணக்கு. ஒரு யூனிட் 30 காசு என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 700 வாட் இழுக்கும் ஏர்கான் எட்டு மணி நேரத்தில் 5.6 யூனிட், அதாவது 1 வெள்ளி 68 காசு. 60 வாட் மின்விசிறி அதே நேரத்துக்கு 14 காசு. மாதத்துக்குச் சுமார் 50 வெள்ளி எங்கே, 4 வெள்ளி எங்கே. ஏர்கானை 25-இல் வைத்து விசிறியையும் போட்டு, மூன்று மணி நேரத்தில் அணையும்படி டைமர் வையுங்கள். விடியற்காலையில் வெளிக்காற்றே 25, 26-க்கு இறங்கிவிடும், அப்போது சன்னலும் விசிறியும் போதும். 18-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது தவறு. பெரும்பாலும் அதே வேகத்தில்தான் குளிரும், ஆனால் 25 வந்த பிறகும் இயந்திரம் நிற்காது. வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். தூசி அடைத்தால் காற்றோட்டம் குறையும், உள்ளே பனி படியும், பிறகு அது உருகிச் சுவரில் ஒழுகும்.

இன்னொன்று. ஒரு கிலோவாட் மின்சாரத்தில் அறையிலிருந்து 3.5 கிலோவாட் வெப்பத்தை இழுக்கும் ஏர்கான், வெளியே 4.5 கிலோவாட்டைக் கொட்டுகிறது. அது புளோக்கின் பின்புறம் முழுக்க எல்லா வீட்டிலிருந்தும் கொட்டுகிறது. இரவில் கட்டடங்கள் நெருங்கிய ஆர்ச்சர்ட் ரோடு, பண்ணைப் பகுதியான லிம் சூ காங்கைவிட 7 டிகிரி வரை சூடாக அளக்கப்பட்டிருக்கிறது. கான்கிரீட் பகலில் சேர்த்த வெப்பம் அதில் பெரும்பங்கு, ஏர்கான் வெப்பமும் சேர்கிறது.

புக்கிட் பாத்தோக்: மூன்று மணிக்கு மழை என்றார்கள், ஒரு துளி இல்லை. இவர்கள் 2100-ஐப் பற்றிச் சொல்வதை எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. மாலை ஆறு மணிக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் எந்த மனிதர் எந்தக் கதவு வழியாக ஏறுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் கூட்டம் நெரியும் என்பதை யாரும் சொல்லலாம். மழை முதல் வகை, பருவநிலை இரண்டாம் வகை.

மதியத்தில் கட்டும் இடிமழை மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான், ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து கொட்டி ஓய்ந்துவிடும். தொடக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய வேறுபாடு பெரிய வேறுபாடாக வளரும் என்பதை எட்வர்ட் லோரென்ஸ் 1963-இலேயே காட்டினார். அதனால் பிற்பகல் மழைக்கு ரேடார் படத்தை நம்புங்கள், அதுவும் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு. விடியற்காலை 'சுமத்ரா' காற்றுமழை வேறு மாதிரி. அது நீண்ட கோடாக மேற்கிலிருந்து வரும், துவாஸை அடித்துவிட்டுத்தான் சாங்கிக்குப் போகும், ஆகவே ரேடாரில் முன்பே தெரியும்.

பருவநிலைக் கணக்கு எந்த நாளின் மழையையும் சொல்வதில்லை. பூமிக்குள் வரும் வெப்பம், வெளியேறும் வெப்பம், நடுவே கரியமிலவாயு எவ்வளவு தடுக்கிறது என்பதே கணக்கு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்த அந்த வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அது இரட்டித்தால் பூமி சுமார் 2.3 டிகிரி சூடாகும் என்று சியுக்குரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-இல் கணக்கிட்டார்கள். இன்றைய சிறந்த மதிப்பீடு 3 டிகிரி. மனாபேக்கு 2021-இல் இயற்பியல் நோபெல் கிடைத்தது. 1970 முதல் 2007 வரை வெளியான 17 பழைய கணிப்புகளை 2020-இல் எடுத்துப் பார்த்தபோது, உண்மையில் வெளியான வாயு அளவைச் சரிசெய்த பிறகு 14 கணிப்புகள் நடந்ததோடு பொருந்தின. முப்பது நாற்பது ஆண்டு பொறுத்திருந்து சரிபார்க்கப்பட்ட கணிப்பு வேறு துறைகளில் அரிது.

சிங்கப்பூருக்கு 2024 ஜனவரியில் வந்த ஆய்வின்படி 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் இப்போது ஆண்டுக்குச் சராசரியாக 21. நூற்றாண்டின் இறுதியில் அது 41 ஆகலாம், 351 ஆகலாம். இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்த்து "இவர்களுக்கே தெரியவில்லை" என்று எண்ண வேண்டாம். உலகம் எவ்வளவு எரிக்கப்போகிறது என்பதுதான் அந்த இடைவெளியின் பெரும்பகுதி. இயற்பியல் தெரியும், மனிதர் எடுக்கப்போகும் முடிவுதான் தெரியாது.

பிடோக்: புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு விண்ணப்பிக்கிறோம். 99 ஆண்டு குத்தகை முடிவதற்குள் கடல் வந்துவிடுமா?

அதே ஆய்வு, வாயு வெளியேற்றம் மிக அதிகமாக இருந்தால் 2100-க்குள் இங்கே கடல்மட்டம் 1.15 மீட்டர் வரையும், 2150-க்குள் சுமார் 2 மீட்டரும் உயரலாம் என்கிறது. தீவில் 30 விழுக்காடு நிலம் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரம். அண்டார்டிகா வெகுதூரம்தானே என்று நினைக்கலாம். உண்மையில் தூரம்தான் நமக்குப் பாதகம். அங்குள்ள பெரும் பனிப்பாளம் தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது உருகினால் பிடி தளர்ந்து நீர் தொலைவான நிலநடுக்கோட்டுப் பக்கம் நகரும்.

உங்கள் வீட்டுக்குள் கடல் வராது. தொல்லை வேறு வழியில் வரும். கடல் ஏற்றமாக இருக்கும்போது பெருமழை பெய்தால் கால்வாய் நீர் தானாகக் கடலில் இறங்காது. மரினா அணைக்கட்டில் ஏழு ராட்சதப் பம்புகள் வைத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான். ஆகவே எத்தனையாவது மாடி என்பதைவிட, புளோக் நிற்கும் தரை பக்கத்துச் சாலையைவிட உயரமா, கார் நிறுத்துமிடம் நிலத்துக்குக் கீழா, அருகில் பெரிய கால்வாய் உண்டா, பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வெள்ள அபாயப் பட்டியலில் அந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கிழக்குக் கரைக்கு வெளியே கடலை நிரப்பிச் சுமார் 800 ஹெக்டேரில் 'லாங் ஐலண்ட்' திட்டமிடப்படுவதும் உங்கள் வட்டாரத்தைக் காக்கத்தான்.

செங்காங்கிலிருந்து ஒரு தாய்: பையன் தொடக்கநிலை ஐந்து. ஓர் இனிப்பை முன்னால் வைத்து, சாப்பிடாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவதாகச் சொல்லும் சோதனையில் நிமிடம்கூட நிற்கவில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யில் தேறுவானா?

அந்தச் சோதனையைத் தூக்கிப் போடுங்கள் அம்மா. ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் செய்த பழைய ஆய்வை 2018-இல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் வைத்துப் பார்த்தார்கள். காத்திருக்கும் திறனுக்கும் பிற்காலப் படிப்புக்கும் உள்ள தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்ததும் மிச்சமிருந்ததிலும் பெரும்பகுதி மறைந்தது. இன்னொரு முயற்சி 2020-இல் வெளியானது. 4,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றிப் பிறப்பிலிருந்து சேர்த்த ஏறத்தாழ 13,000 விவரங்களை 160 குழுக்களிடம் கொடுத்து, பிள்ளை 15 வயதில் எப்படிப் படிப்பான் என்று கணிக்கச் சொன்னார்கள். கணினியின் முழுப் பலத்தையும் போட்டும், நாலைந்து விவரத்தை வைத்துப் போட்ட எளிய கணக்கைவிடச் சற்றுத்தான் மேலே வந்தார்கள். உங்கள் பையனின் எதிர்காலத்தை எந்த இனிப்பும் சொல்லாது.

அவனிடம் "கட்டுப்பாடு வேண்டும்" என்று சொல்வதைவிட, "குளித்துவிட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையில் கணக்குப் புத்தகத்தைத் திறப்பேன்" என்று நேரத்தையும் இடத்தையும் கட்டி அவனையே சொல்ல வையுங்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதையும் நம்ப வேண்டாம். 96 பேரைக் கவனித்த லண்டன் ஆய்வில் சராசரி 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டதால் எதுவும் கெடவில்லை.

ஜூரோங் வெஸ்ட்: நான் ஒருவன் குறைத்தால் என்ன மாறும்?

எதைக் குறைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சென்னைக்கு ஒருமுறை போய்வரும் விமானப் பயணத்தில் ஒருவர் பங்கு சுமார் அரை டன் கரியமிலவாயு. மேலே சொன்ன ஏர்கான் கணக்கில் அது ஏறத்தாழ 220 இரவுகள். அம்மா அப்பாவைப் பார்க்கப் போகாதீர்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆண்டுக்கு மூன்று குறுகிய பயணத்தை இரண்டு நீண்ட பயணமாக்கலாம். "மற்றவர்கள் செய்யமாட்டார்கள்" என்பதும் தவறான கணிப்பு. 125 நாடுகளில் சுமார் 1,30,000 பேரிடம் கேட்டபோது புவி வெப்பமாவதைத் தடுக்க வருமானத்தில் 1 விழுக்காடு தரத் தயார் என்றவர்கள் 69 விழுக்காடு. மற்றவர்களில் எத்தனை பேர் தயார் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னது 43 விழுக்காடு.

தோ பாயோ: மறுபயனீட்டுக்கான நீலத் தொட்டியில் போட்டாலும் குப்பைக்குத்தான் போகிறது என்கிறார்களே?

அதில் போடப்படுவதில் சுமார் 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாதது. அடிப்பகுதியில் சாறு மிச்சமுள்ள ஒரு பாக்கெட் போதும், கூட இருக்கும் காகிதம் முழுக்க நனைந்து வீணாகும். பாட்டிலைக் காலி செய்து ஒருமுறை அலசுங்கள், மூடி பரவாயில்லை. குழம்பு பட்ட பொட்டலம், டிஷ்யூ, ஸ்டைரோஃபோம், பழைய செருப்பு, பீங்கான் இவை எதுவும் வேண்டாம். பல வீடுகளில் குப்பைத் துவாரம் சமையலறையிலேயே இருப்பதாலும் நீலத் தொட்டி கீழே இருப்பதாலும்தான் நல்ல எண்ணம் பாதியில் நின்றுவிடுகிறது. செருப்பு மாட்டும் கதவோரம் ஒரு பை தொங்கவிடுங்கள், காலையில் லிஃப்டில் இறங்கும்போது அது கூடவே வரும்.