பழைய போர் பிளேன் ஒண்டு வாங்கி வெச்சா அது முதலீடா, செலவா?

கேள்வி கேட்ட தம்பி, நீங்க கேட்டது ரெண்டு விசயம், ரெண்டாம் உலக யுத்தத்துப் பிளேன் ஒண்டு வெச்சிருக்க எவ்வளவு முடியும், மறுகா விக்கக்குள்ள போட்ட சல்லி லாபத்தோட வருமா எண்டு. நான் பைலட்டும் இல்ல பணக்காரனும் இல்ல. இப்ப மட்டக்களப்பு கல்லடியில போட் எஞ்சின் திருத்துறன், அதுக்கு முதல் இங்கிலாந்துல நாலு வருசம் பழைய பிளேன் திருத்துற ஒரு ஹேங்கர்ல கூலி வேலை, கழுவுறது, எண்ணெய் வடிக்கிறது, தகடு தேய்க்கிறது. அங்க கண்டதையும் அந்த விசர்ல வாசிச்சதையும் வெச்சுச் சொல்றன்.

அந்த யுத்தத்துல இங்கிலாந்துக்காரன்ட சண்டை பிளேன் ஸ்பிட்ஃபயர், அமெரிக்காக்காரன்ட மஸ்டாங், ரெண்டுலயும் பேர்போனது மெர்லின் எஞ்சின்தான், 12 சிலிண்டர், 27 லீட்டர். மஸ்டாங் சும்மா சீராப் பறந்தாலே மணித்தியாலத்துக்கு 220 லீட்டர் கிட்டக் குடிக்கும், அதுவும் விமானப் பெற்றோல். ஆனா பெற்றோல் கணக்கப் பாத்தே வாயப் பொளக்கிறவர் மிச்ச பில்ல இன்னும் காணல்ல. 500 மணித்தியாலம் அளவுல ஓடினா எஞ்சினக் கழட்டி முழுசா ஓவர்ஹோல் பண்ணணும், ஒன்றரை லட்சம் டொலருக்குக் குறைய ஆரும் கை வைக்கமாட்டாங்க. அப்ப பெற்றோல் ஊத்துறதுக்கு முதலே மணித்தியாலத்துக்கு 300 டொலர் எஞ்சினுக்கு எடுத்து வெச்சிரணும். ஹேங்கர் வாடகை, வருச செக்கப், இன்சூரன்ஸ் எல்லாம் வேற. இன்சூரன்ஸ்காரன் பிளேனை விட ஓட்டுறவனத்தான் உத்துப் பாப்பான், சல்லி குடுத்து வாங்கினவரே ஓட்ட ஏலாம இன்னொரு பைலட்டப் புடிச்சு ஓட்டிப் பாத்திட்டு நிண்டத நான் கண்டிருக்கன்.

ஒரு ஞாயித்துக்கிழமை நடந்தது. ஸ்பிட்ஃபயர் ஸ்டார்ட் பண்ணினா தரையில கனநேரம் நிக்க ஏலாது, றேடியேற்றர் செட்டைக்குக் கீழ இரிக்கு, காத்துப் படாட்டி சூடு மளமளண்டு ஏறும். அண்டைக்கெண்டு பாத்து முன்னுக்கு ரெண்டு சின்னப் பிளேன், இறங்க வேற ஒண்டு. பைலட் அஞ்சாறு நிமிசம் காத்து நிண்டிருப்பார், எஞ்சின ஓஃப் பண்ணிட்டு இறங்கிட்டார், நாங்க கட்டி இழுத்து உள்ள கொண்டுவந்தம். மூடியக் கழட்டினா கூலண்ட் குழாய் மூட்டுல பச்சையா ஒரு சொட்டுத் தொங்குது, கிளிப் ஒண்டு தளர்ந்திரிக்கி. அந்த அளவுக் கிளிப்ப நான் இஞ்ச நூறு இருநூறு ரூபாக்கு மாட்டி விடுவன். அங்க அப்பிடி இல்ல, எவடத்த செஞ்சது, ஆரு சோதிச்சது எண்டு பேப்பர் இல்லாத ஒரு நட்டையும் பிளேனுக்குள்ள போட ஏலாது, அந்தப் பேப்பருக்குத்தான் விலை. கிளிப் வாற மட்டும் மூணு கிழமை பிளேன் நிண்டது, வாடகையும் ஓடிச்சு.

இனி லாபத்துக்கு வருவம். லாபம் பாத்த ஆக்கள் இரிக்காங்க, பொய் இல்ல, ஆனா எப்ப வாங்கினாங்க எண்டு பாருங்க. 1946ல போல் மான்ட்ஸ் எண்ட ஸ்டன்ட் பைலட் அமெரிக்காவுல யுத்தம் முடிஞ்சு கழிச்சு விட்ட 475 பிளேனை 55,000 டொலருக்கு அள்ளினார், டாங்கில கிடந்த பெற்றோல வித்தே முதலத் தேத்திட்டார் எண்டு கதை. அது பேரீச்சம்பழத்துக்குப் போட்ட காலம். மறுகா 1940ல பிரான்ஸ்ல காலே கடற்கரையில இறங்கின ஸ்பிட்ஃபயர் ஒண்டு, 40 வருசம் மணலுக்குள்ள கிடந்து 1980ல வெளிய தெரிஞ்சது, அதத் திரும்பக் கட்டிப் பறக்க விட்டு 2015ல கிறிஸ்டிஸ் ஏலத்துல 31 லட்சம் பவுணுக்கு வித்தாங்க. எல்லாரும் இந்த 31 லட்சத்தத்தான் சொல்லுவாங்க, கட்டினதுக்கு எவ்வளவு போச்சு எண்டு ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. வித்தவர் அந்தச் சல்லியையும் தர்மத்துக்குக் குடுத்திட்டார், அவருக்கு அது முதலீடே இல்ல.

விலைய ஏத்துறது எது தெரியுமா, அந்த பிளேன்ட சரித்திரம். ஆரு ஓட்டினது, எந்தச் சண்டைக்குப் போனது, நம்பர் தகடு அசலா எண்டு. உடம்புத் தகடு புதுசு அடிச்சதா இரிக்கலாம், அடையாளம் அசலா இரிக்கணும். இன்னொரு வழி ரெண்டு சீட் ஸ்பிட்ஃபயர், ஆக்கள ஏத்தி அரை மணித்தியாலத்துக்கு 3000 பவுண் கிட்ட வாங்குறாங்க. அது முதலீடு எண்டு சொல்லாதீங்க, அது பஸ் ஓட்டுற மாதிரி ஒரு யாவாரம்.

ஜெட்டப் பாத்து ஏமாறாதீங்க. எல்-39 எண்ட பயிற்சி ஜெட் மாதிரி ஒண்டு மஸ்டாங் விலையில ஒரு துண்டுக்கு வரும். மலிவா இரிக்கிறதுக்குக் காரணம் இரிக்கு, பறக்க விட்டா எரிபொருள ஆறாக் குடிக்கும், பைலட்டத் தூக்கி எறியிற சீட்டுக்குள்ள இரிக்கிற வெடிக்குக் காலாவதித் திகதி இரிக்கு, பறந்தாலும் பறக்காட்டியும் மாத்தணும். ஆரோ செஞ்ச பிழைக்கு உங்கட பிளேனும் படுக்கும். 2015 ஓகஸ்டுல இங்கிலாந்துல ஷோரம் ஏர்ஷோவுல ஹண்டர் எண்ட பழைய ஜெட் ஒண்டு றோட்டுல விழுந்து 11 பேர் செத்தாங்க, அதுக்குப் பிறகு அங்க சட்டத்த இறுக்கினாங்க பாருங்க. இனி வாங்க வாறவன் அதையும் சேத்துத்தான் விலை கேப்பான்.

போன சீசன்ல டைவிங் போட் எஞ்சின் ஒண்டு திருத்தக்குள்ள கொழும்புப் பொடியன் ஒருத்தன் கேட்டான், "அண்ணன், ஹேர்மிஸ் கப்பலுக்குள்ள பிளேன் கிடக்குமே, ஒண்டு தூக்கினா கோடிக்கணக்குல போகும் என்ன?" எண்டு. 1942 ஏப்ரல் 9ல ஜப்பான்காரன் எங்கட கடல்ல தாட்ட இங்கிலாந்துக்காரன்ட விமானந்தாங்கிக் கப்பல் அது, ஐம்பது மீட்டருக்கு மேல ஆழம், 307 பேர் செத்த இடம், அது கல்லறை. அதோட அண்டைக்கு அதுக்குள்ள பிளேனே இல்ல, எல்லாம் திருகோணமலையில இறக்கிட்டுத்தான் வந்தது. இருந்திருந்தாலும் என்ன, உப்புத் தண்ணி அலுமினியத்த என்ன செய்யும் எண்டு காட்ட மூலையில கிடந்த பழைய எஞ்சின் மூடி ஒண்ட எடுத்துக் குடுத்தன், வெள்ளை வெள்ளையா மா பூத்துக் கிடந்தது, பெருவிரல் நகத்தால அமத்தினான், விரல் உள்ள போயிட்டு.

இவ்வளவும் சொல்லியும் ஆசை விடல்லயா, அப்ப சீனாக்காரன்ட சிஜே-6 எண்ட பயிற்சி பிளேனப் பாருங்க, வெளிநாட்டுல சல்லி குறைஞ்ச ஆக்கள் மூண்டு நாலு பேர் பங்கு போட்டு வெச்சிரிக்கிற பிளேன் அது. சீனன்குடாவுல எங்கட விமானப்படை பழக்கிற பிடி-6 அதே சாதிதான், திருகோணமலைப் பக்கம் போனா அண்ணாந்து பாருங்க, அதுக்குக் காசில்ல.