ஃபங்ஷன் கால் முடிந்தபின் ஸ்டாக்கைத் துடைப்பது யார்?

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விண்டோஸில் 32 பிட் நாஸ்ம் (அசெம்ப்ளி) நிரல் ஒன்று எழுதினேன். பிரிண்ட்எஃப் அழைத்தபின் ‘ஆட் ஈஎஸ்பி, 8’ என்றும், மெசேஜ்பாக்ஸ்ஏ அழைத்தபின் ‘ஆட் ஈஎஸ்பி, 16’ என்றும் போட்டேன். பெட்டி சரியாக வருகிறது. ஓகே அழுத்தியதும் நிரல் கிராஷ் ஆகிறது. கடைசி ‘ரெட்’டை (அழைத்த இடத்துக்குத் திரும்பும் கட்டளை) எடுத்துவிட்டு, நிரலை முடிக்கும் எக்ஸிட்பிராசஸ் போடச் சொன்னார்கள் ப்ராஜெக்ட் சென்டரில். இப்போது கிராஷ் இல்லை. இப்படியே விடலாமா?

பதில்: விடாதீர்கள். பிழை அப்படியேதான் இருக்கிறது. ‘ரெட்’ இருந்ததால் அது வெளியே தெரிந்தது. இப்போது தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஃபங்ஷனுக்குத் தரும் மதிப்புகளை, அதாவது ஆர்க்யுமென்ட்டுகளை, புஷ் செய்து ஸ்டாக்கில் வைக்கிறோம். ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ரிஜிஸ்டர் ஈஎஸ்பி; புஷ் செய்தால் இறங்கும், துடைத்தால் ஏறும். பிரிண்ட்எஃப் சீடெக்ல் முறையில், அதாவது அழைத்தவரே துடைக்கும் முறையில், இயங்குவது. நீங்கள் புஷ் செய்த 8 பைட்டை நீங்களே துடைக்க வேண்டும். அந்த வரி சரி. மெசேஜ்பாக்ஸ்ஏ எஸ்டிடிகால் வகை, அதாவது அழைக்கப்பட்ட ஃபங்ஷனே துடைக்கும் வகை. அது ‘ரெட் 16’ என்று முடியும். திரும்பி வரும்போதே நான்கு ஆர்க்யுமென்ட்டுகளையும் துடைத்துவிட்டு வரும். துடைத்த இடத்தை நீங்கள் மறுபடி துடைத்ததால் ஈஎஸ்பி 16 பைட் கூடுதலாக ஏறிவிட்டது. அந்த நேரத்தில் யாருக்கும் வலிக்காது. மெயினின் கடைசியில் ‘ரெட்’ வந்து, ஈஎஸ்பி காட்டும் இடத்தில் கிடக்கும் ஏதோ ஓர் எண்ணைத் திரும்பும் முகவரி என்று நம்பி அங்கே தாவும்போதுதான் விழுகிறது. இதையே லூப்புக்குள் வைத்தால், அடுத்த சுற்றின் புஷ்கள் உண்மையான திரும்பும் முகவரியின் மேலேயே எழுதிவிடும்.

எக்ஸிட்பிராசஸ் திரும்பி வருவதே இல்லை, அதனால் ஸ்டாக் எவ்வளவு கோணினாலும் அதற்குக் கவலையில்லை. இந்த ‘வைத்தியத்தை’ ப்ராஜெக்ட் சென்டர்கள் ஆண்டுதோறும் பணம் வாங்கிக்கொண்டு விற்கின்றன. இதே நிரலை நாளை ஒரு ஃபங்ஷனாக்கி வேறு இடத்திலிருந்து அழைத்தால் அங்கே ‘ரெட்’ இல்லாமல் முடியாது. வைவாவில் மாட்டப்போவது நீங்கள், சென்டர்காரர் அல்ல.

யார் துடைப்பது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளி ஃபங்ஷனை அறிவிக்கும் எக்ஸ்டெர்ன் வரியில் பெயரை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். _மெசேஜ்பாக்ஸ்ஏ@16 என்றால், 16 பைட்டை அதுவே துடைக்கும். _பிரிண்ட்எஃப் பெயரில் @ இல்லை, எனவே வேலை உங்களுடையது. விண்டோஸ் ஏபிஐ (விண்டோஸ் தரும் ஃபங்ஷன்கள்) அநேகமாக எல்லாமே எஸ்டிடிகால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிலவற்றைத் தவிர. உதாரணம் டபிள்யூஎஸ்பிரிண்ட்எஃப்ஏ (எழுத்துகளையும் எண்களையும் சேர்த்து வரி அமைக்கும் ஃபங்ஷன்). இதுவும் மெசேஜ்பாக்ஸ்ஏ இருக்கும் அதே யூசர்32 டிஎல்எல்லில்தான் இருக்கிறது, ஆனால் சீடெக்ல். காரணம் எளிது. இதற்கு இன்றைக்கு மூன்று ஆர்க்யுமென்ட் தருவீர்கள், நாளைக்கு ஏழு தருவீர்கள். ‘ரெட்’டுக்குப் பின்னால் வரும் எண் ஃபங்ஷனுக்குள் முன்கூட்டியே பதிந்திருப்பது; எத்தனை வந்தாலும் அது மாறாது. எத்தனை புஷ் செய்தோம் என்பது அழைத்தவருக்குத்தான் தெரியும், ஆகவே அவர்தான் துடைக்க வேண்டும். பிரிண்ட்எஃப் சீடெக்லாக இருப்பதும் இதனால்தான். ‘ஏபிஐதானே’ என்று துடைக்காமல் விட்டால் உங்கள் பிழைக்கு நேர் எதிரான பிழை வரும்: ஈஎஸ்பி கீழேயே தங்கிவிடும்.

சந்தேகம் வந்தால் எக்ஸ்32டிபிஜி என்ற டீபக்கரில் முதல் புஷ்ஷுக்கு முன் ஈஎஸ்பி மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் முடிந்ததும் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் கை வைக்காதீர்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் லேபில் பழைய டாஸ் இயங்குதளத்தின் இன்டரப்ட் 21-ஐ மனப்பாடம் செய்யவைத்து ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள். டீபக்கரைத் திறந்து காட்ட ஆளில்லை.

இணையத்தில் கிடைக்கும் 64 பிட் நிரலை இதனுடன் கலக்காதீர்கள். அங்கே, விண்டோஸில், முதல் நான்கு ஆர்க்யுமென்ட்டுகள் ரிஜிஸ்டரில் போகும். அழைப்பவர் 32 பைட் இடமும் ஒதுக்க வேண்டும். கணக்கே வேறு.

லூப் எழுதினால் எண்ணிக்கையை ஈசிஎக்ஸில் வைக்காதீர்கள். அழைக்கப்படும் ஃபங்ஷன் அதை அழிக்கலாம், அதற்கு அந்த உரிமை உண்டு. ஈபிஎக்ஸில் வையுங்கள், மெயினின் தொடக்கத்தில் அதைப் புஷ் செய்து, ‘ரெட்’டுக்கு முன் பாப் செய்யுங்கள்.