மூன்று பாடம், ஒரு பசு

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. உடலியங்கியல், கால்நடை நலம், அறிவியல் எழுத்து என்று மூன்று பாடங்களை என் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் இரண்டும் எப்படியோ ஓடுகின்றன. எழுத்து வகுப்பில்தான் மாணவர்கள் தூங்குகிறார்கள். துறைக்குச் சம்பந்தமில்லாத பாடம் என்கிறார்கள். சில நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

மூன்றும் உங்கள் ஒருவரிடமே இருப்பது நல்லதுதான். ஒரே நோயை மூன்று வகுப்புக்கும் கொண்டுபோகலாம். நான் பால் காய்ச்சலை எடுத்துக்கொள்வேன்.

கன்று ஈன்ற ஓரிரு நாளில் நன்றாகக் கறக்கும் பசு படுத்துவிடுகிறது. தலையை விலாவோடு மடக்கிக்கொண்டிருக்கும், காது சில்லிட்டிருக்கும். உடலியங்கியலில் இதைக் கணக்காகக் கொடுங்கள். பசுவின் ரத்த பிளாஸ்மாவில் ஒரு நேரத்தில் இருக்கும் கால்சியம் மொத்தமே 3 கிராம் அளவுதான். 10 லிட்டர் சீம்பாலோடு வெளியேறுவதோ சுமார் 23 கிராம். மீதி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எலும்புக்கும் குடலுக்கும், ரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டும் பாராதைராய்டு ஹார்மோனுக்கும் அவர்களே வந்து சேருவார்கள். அந்த ஏற்பாடு சூடுபிடிக்கச் சில நாள் ஆகும், அதற்குள் ரத்தத்தில் கால்சியம் குறைந்துதான் பசு விழுகிறது என்பதும் புரிந்துவிடும்.

கால்நடை நலத்தில் சிகிச்சை. கால்சியம் போரோகுளுக்கோனேட் என்ற கால்சிய மருந்தை ரத்த நாளத்தில் மெதுவாக, இதயத் துடிப்பைக் கேட்டபடியே ஏற்ற வேண்டும். வேகம் கூடினால் இதயமே நின்றுவிடலாம்.

இனி எழுத்து. இதே பசுவைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னால், 'பசுவுக்குக் காய்ச்சல் இருந்தது' என்று பலர் எழுதுவார்கள். என் வகுப்பில் ஆண்டுதோறும் எழுதினார்கள். உண்மையில் இந்த நோயில் உடல் வெப்பம் வழக்கமான 38.5 டிகிரியை ஒட்டியோ, பெரும்பாலும் அதற்குக் கீழேயோதான் இருக்கும். வெப்பமானியைப் பார்க்காமல் பெயரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இது மொழிப்பிழை அல்ல, மருத்துவப் பிழை. அதை அவர்களே கண்டுகொள்ளும் நாளில் யாரும் தூங்க மாட்டார்கள்.

பிறகு இந்தக் கதையைச் சொல்லுங்கள். மடியில் உருவாகும் நஞ்சுதான் காரணம் என்று நம்பிய டென்மார்க் கால்நடை மருத்துவர் ஷ்மிட், 1897இல் மடிக்குள் பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் செலுத்தினார். பசுக்கள் பிழைத்தன. சில ஆண்டுகளில், வெறும் காற்றை ஏற்றினாலே போதும் என்று தெரிந்தது. ரத்தத்தில் கால்சியம் குறைவதே நோய் என்பது 1925இல்தான் துலங்கியது. மடியில் அழுத்தம் கூடியதால் பால் சுரப்பு தடைபட்டு, கால்சியம் வெளியேறாமல் நின்றிருக்கிறது. ஷ்மிட்டின் விளக்கம் தவறு. ஆனால் என்ன செய்தார், பசுவுக்கு என்ன ஆனது என்ற பதிவு அப்படியே பயன்பட்டது. ஆய்வுக் கட்டுரையில் 'முடிவுகள்' பகுதியையும் 'விவாதம்' பகுதியையும் ஏன் தனித்தனியே எழுதுகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அதனால் முதல் ஐந்து வாரம் 'முடிவுகள்' மட்டும் எழுதட்டும், உடலியங்கியல் ஆய்வகத்தில் அவர்களே அளந்ததை வைத்து. சிவப்பு மையில் திருத்தித் திருப்பித் தராதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரிக்கும் 'இதைப் பார்த்தாயா, நினைத்தாயா?' என்று கேளுங்கள். நேரம் பிடிக்கும். வாரத்துக்குப் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.