வயல் வேலையோடு ஆத்ம விசாரம் செய்ய முடியுமா?

"கிளிநொச்சியில் வயல் செய்கிறேன். கோபம் அடங்குவதில்லை, தியானத்துக்கு நேரமும் இல்லை" என்று கேட்டிருந்தீர்கள். ஆத்ம விசாரத்துக்கு, அதாவது "நான் யார்?" என்று உள்ளே திரும்பித் தேடுவதற்கு, தனி நேரம் தேவையே இல்லை.

சிறுபோகத்தில் உங்கள் முறைத் தண்ணீரைப் பக்கத்து வயல்காரர் திருப்பிவிட்டார் என்று வையுங்கள். மண்வெட்டியைப் பிடித்த கை இறுகும். அப்போதே, ரமண மகரிஷி காட்டிய வழியில், "இந்தக் கோபம் யாருக்கு?" என்று கேளுங்கள். "எனக்கு" என்று வரும். சரி, அந்த "நான்" யார்? இதற்குச் சொல்லால் பதில் தேடாதீர்கள். பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். கவனம் உள்ளே திரும்பினால் போதும். மனம் மறுபடி ஓடும், மறுபடி கேளுங்கள்.

அப்புறம் தண்ணீரைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள். உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து ஞானியான நல்லூர் யோகர் சுவாமிகளே கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர்தானே. காலையில் வயலுக்குப் போகும் வழியில் ஒரு தேவாரமும் பாடிப் பாருங்கள்.