புது கார்புரேட்டர் வாங்குவதற்கு முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அப்பா ஓட்டிய 1984 மார்க் 4 அம்பாசிடர், பெட்ரோல் வண்டி, எஸ்.யூ. வகை கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்). இரண்டு வருடம் ஷெட்டில் சும்மா நின்றது. இப்போது சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் வரை நடுங்குகிறது, சோக்கைக் கால்வாசி இழுத்து வைத்தால் கொஞ்சம் அடங்குகிறது. மூன்றாவது கியரில் சட்டென்று அமுக்கினால் கார்புரேட்டர் பக்கம் ‘பட்’டென்று ஒரு சத்தம், ஒரு நொடி திணறல், அப்புறம்தான் இழுக்கிறது. அறுபதில் ஒரே சீராகப் போனால் தொந்தரவே இல்லை. மெக்கானிக் இரண்டு முறை கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிவிட்டார், இனி புதிதாகப் போடுவதுதான் வழி என்கிறார். போடலாமா?

வேண்டாம் சார். பாதி பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். சோக் என்பது பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பதுதானே, அதை இழுத்ததும் அடங்குகிறது என்றால் எஞ்சினுக்குப் போகிற கலவையில் காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. கார்புரேட்டர் வழியாகத் திரும்பி வெடிக்கும் அந்தச் சத்தமும் அதையேதான் சொல்கிறது. ஆனால் அறுபதில் சீராகப் போகிறது, அதனால் பம்ப், ஃபில்டர் இரண்டையும் இப்போதைக்குச் சந்தேகப்பட வேண்டாம். என் கணக்கில் இது ஒரு கோளாறு இல்லை, இரண்டு: ஐடிலிங்குக்கு (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடுவது) ஒன்று, பிக்கப்புக்கு (அமுக்கியதும் இழுப்பது) ஒன்று.

பிக்கப்பை முதலில் பார்ப்போம், அது ஐந்து நிமிட வேலை. எஸ்.யூ. கார்புரேட்டரின் தலையில் ஒரு சின்ன மூடி இருக்கும், கையாலேயே திருகிக் கழற்றலாம். அதோடு ஒரு மெல்லிய கம்பி வெளியே வரும். அந்தக் கம்பி உள்ளே ஆயிலில் முங்கி இருக்க வேண்டும். மற்ற கார்புரேட்டர்களில் அமுக்கும்போது கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு குட்டி பம்ப் உண்டு, இதில் கிடையாது. அதற்குப் பதிலாக, அமுக்கியதும் உள்ளே இருக்கிற பிஸ்டன் விருட்டென்று மேலே எழும்பாமல் இந்த ஆயில் பிடித்துக்கொள்ளும், அந்தக் கண நேரத் தாமதத்தில் கலவைக்குத் தேவையான பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும். ஆயில் இல்லையென்றால் பிஸ்டன் எகிறிவிடும், காற்று மட்டும் உள்ளே பாயும், வண்டி திணறும். பிரித்துக் கழுவியவர் பூட்டும்போது ஆயில் ஊற்ற மறந்திருப்பார் என்று நினைக்கிறேன், ரொம்ப சகஜமாக நடப்பதுதான். 20 கிரேடு ஆயில் போதும், கிடைக்காவிட்டால் எஞ்சினுக்கு ஊற்றுகிற 20டபிள்யூ50 கூடப் பரவாயில்லை. அளவு தெரிய, மூடியை மெதுவாக இறக்குங்கள். மரை தொடக் கால் அங்குலம் இருக்கும்போதே கையில் ஒரு தடை தட்டுப்பட வேண்டும். அப்படியே பிஸ்டனை விரலால் தூக்கி விட்டுப் பாருங்கள், ‘டக்’கென்று அடியில் உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் பெட்ரோலில் துடையுங்கள், உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள்.

இனி நடுக்கம். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதன் நுனி எஞ்சின் இரும்பில் படுகிற மாதிரி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து கேளுங்கள். (ஓடும்போது ஒயரைக் கையால் பிடுங்குகிற வீரம் எல்லாம் வேண்டாம்.) சத்தம் இறங்கினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது, மாற்றமே இல்லையென்றால் அது முன்பே சோம்பிக் கிடந்தது. நான்குக்கும் இப்படிப் பார்த்து எழுதி வையுங்கள்.

இந்த 1489 சி.சி. எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. பி சீரிஸ். இதன் ஹெட்டில் (எஞ்சினின் மேல் பாகம்) ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்லெட், அதாவது கலவை நுழையும் வழி, கிடையாது. ரேடியேட்டர் பக்கத்து 1, 2 இரண்டுக்கும் ஒரே வாசல், 3, 4 இரண்டுக்கும் இன்னொன்று. அதனால் 1, 2 சேர்ந்து சோம்பினால் அந்தப் பக்க மேனிஃபோல்ட் (கலவையை ஹெட்டுக்குக் கொண்டுபோகும் குழாய்) சேர்மானத்தில் வைத்த கேஸ்கெட், அதாவது அடைப்புத் தகடு, வழியாகக் காற்று எடுக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவே கட்டலாம், 3, 4 என்றாலும் அப்படியே. 2, 3 என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ஒரே ஒரு சிலிண்டர் என்றால் பிளக், ஒயர், அல்லது டேப்பெட் (வால்வுக்கு விடும் இடைவெளி). நான்கும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் கசிவு கார்புரேட்டர் அடியில் இருக்கும். ஆக்சிலரேட்டரை அமுக்கினால் திரும்புகிற த்ராட்டில் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் அந்த ஓட்டை வழியாகவே காற்று போகும், லேத்தில் கொடுத்துப் புஷ் போட வேண்டும். காற்றுக் கசிவு ஐடிலிங்கில்தான் கடிக்கும், வேகம் கூடக் கூட எஞ்சின் இழுக்கிற காற்றுக்கு முன்னால் அது ஒன்றுமில்லாமல் போய்விடும். உங்கள் வண்டி அறுபதில் சாதுவாகப் போவது அதனால்தான்.

கசிவைத் தேட பெட்ரோலைத் தெளிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம், இந்த எஞ்சினில் இன்லெட்டும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒன்றையொன்று ஒட்டித்தான் இருக்கின்றன. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்த உடனே, செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால் மேனிஃபோல்ட் சேர்மானத்தில் தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். சத்தம் மாறுகிற இடம்தான் ஓட்டை.

எதுவும் அகப்படவில்லையா? டெல்கோவுக்கு (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்) வாருங்கள். அதற்குள் திறந்து மூடுகிற பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025. கார்புரேட்டரிலிருந்து டெல்கோவுக்கு வரும் மெல்லிய வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள், டெல்கோ மூடியைத் திறந்து வைத்திருந்தால் உள்ளே தட்டு நகர்வது தெரியும். நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நகரவில்லை, அல்லது உடனே திரும்பிவிட்டது என்றால் அதை இழுக்கிற டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறது, அதிலும் காற்றுதான் போகும், பிக்கப்பும் போகும். தட்டு நகரும்போது அதோடு சேர்ந்து வளைகிற நூல் சுற்றிய ஒரு குட்டி ஒயரையும் பாருங்கள். என் வண்டியில் நான் மூன்று வாரம் கார்புரேட்டரோடு மல்லுக்கட்டினேன்; கடைசியில் பார்த்தால் அந்த ஒயர் உள்ளுக்குள் அறுந்து நூலில் தொங்கிக்கொண்டிருந்தது, ரேஸ் கொடுத்தால் மட்டும் விட்டு விட்டுப் பிடித்தது.

டேப்பெட் 0.015 அங்குலம், குளிர்ந்த எஞ்சினில். எட்டாவது வால்வு முழுதாக அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதைப் பாருங்கள், ஏழு என்றால் இரண்டு, கூட்டினால் ஒன்பது வர வேண்டும். இடைவெளி வைத்த சில நூறு கிலோமீட்டரிலேயே இறுகிவிடுகிறது என்றால் வால்வு சீட் தேய்கிறது. 2000-க்குப் பிறகு நம் பெட்ரோலில் ஈயம் இல்லை, பழைய ஹெட்டுகளுக்கு அந்த ஈயம்தான் மெத்தை மாதிரி இருந்தது.

பெட்ரோலையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடப் பழசு டேங்கில் இருந்தால் முழுதாக இறக்கிவிடுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ்களை அது ஊறவைத்துக் கெடுக்கும், கலவையையும் கொஞ்சம் மெலிதாக்கும். அதற்காக, கார்புரேட்டர் அடியில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற ஜெட் நட்டை, எஞ்சின் நன்றாகச் சூடானபின், ஒரு பட்டை ஒரு பட்டையாக (நட்டின் ஒவ்வொரு பக்கமாகத் திருகி) கீழே இறக்கலாம். பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கும்போது எஞ்சின் ஒரு கணம் லேசாக ஏறி அடங்கினால் சரி, உடனே அணைந்தால் இன்னும் மெலிது, ஏறியபடியே நின்றால் அதிகமாக இறக்கிவிட்டீர்கள். ஆனால் கசிவை அடைக்காமல் இதைத் தொட்டால் பழையபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

முதலில் ஆயிலை ஊற்றி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் அப்புறமும் போகவில்லையென்றால் ஒயர் கழற்றிப் பார்த்ததில் எது எது இறங்கியது, நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.