டிசம்பரில் செராத்திங் வேண்டாம், தங்கச்சி

ஒன்றரை வயது மகனோடு டிசம்பரில், மலேசியாவின் கிழக்குக் கரையில் இருக்கும் செராத்திங் கடற்கரைக்குப் போகலாமா, சாப்பாடெல்லாம் சேர்ந்த ரிசார்ட் கட்டணம் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் உங்களைப் போலப் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஊர்தான். டிசம்பரில் கிழக்குக் கரையில் பருவமழை. கடல் கொந்தளிக்கும், அறைக்குள் அடைந்து மழையைத்தான் பார்ப்பீர்கள். அதற்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் பயணம் வேறு! ஜூனில் போங்கள், வழியில் கோலாலம்பூரில் ஓர் இரவு தங்குங்கள்.

அப்படிச் சாப்பாடெல்லாம் சேர்ந்த ஒரு ரிசார்ட்டில் என் மகள் மூன்று நாளும் வெறும் சோறும் தயிரும்தான் தின்றாள். மாமியார் இன்றும் சொல்லிக்காட்டுகிறார். நான் சமைக்கவில்லையே, அது போதாதா? முன்பதிவுக்கு முன், இந்த வயதுக்குக் குழந்தைப் பராமரிப்பும் கட்டணத்தில் அடக்கமா என்று கேளுங்கள்.

டிசம்பரில்தான் விடுப்பு என்றால், மேற்குக் கரையில் லுமுட்டில் படகேறிப் பங்கோர் தீவுக்குப் போங்கள். சாப்பாட்டுக்குத் தனியே கொடுத்தாலும் பரவாயில்லை.